குதிரையின் காதுக்கு ஒரு துணி

(இலங்கை மலையகத்து லிந்துலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சம்பளம், காணி, கல்வி என்று பேசிப் பழகிய இந்த ஊரில், நான் இன்று ஒரு துணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குதிரையின் இரண்டு காதுகளிலும் உறையாக ஏறி, நெற்றியில் முக்கோணமாக இறங்கும் ஒரு பின்னல் துணி. ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் இதைக் கண்டிருப்பீர்கள். உயர உயரமான கம்பங்களைத் தாண்டும் குதிரைகளின் தலையில் அது இருக்கும். சில குதிரைகளுக்கு நாட்டுக் கொடியின் நிறத்தில் இருக்கும். சிலவற்றுக்கு ஓரத்தில் சரிகைக்கயிறும் ஓடும். இன்றைய பேச்சுக்கு அதைக் காதுறை என்று சொல்லிக்கொள்வோம்.

பார்த்தவுடன் என்ன தோன்றுகிறது? அலங்காரம் என்று தோன்றுகிறது. பணக்கார விளையாட்டின் பகட்டு என்று தோன்றுகிறது. அலங்காரமும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அலங்காரத்துக்காக மட்டும் என்றால், பார்ப்பவர் கண்ணில் முதலில் படுகிற கழுத்தையும் மார்பையும் விட்டுவிட்டு, காதைத் தேடிப்பிடித்து ஏன் மூட வேண்டும்? அந்தக் காதில் என்ன இருக்கிறது? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன்.

லிந்துலையில் எதற்குக் குதிரைப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இந்த மலைகளின் கதையில் குதிரைக்கு நல்ல பங்கு உண்டு, பெரியவர்களே. மோட்டார் வண்டி வருவதற்கு முன் தோட்டத் துரைமார் மலை சுற்றியது குதிரையில். நம் தோட்டப் பாதைகளில் எத்தனையோ, முதலில் குதிரை நடப்பதற்காக வெட்டப்பட்டவை. துரை குதிரையில் போனார், சரி. அந்தக் குதிரையை இருட்டோடு எழுந்து தேய்த்துவிட்டவர் யார்? அதற்குப் புல் அறுத்துப் போட்டவர் யார்? மழையில் அதன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, துரை திரும்பி வரும்வரை நின்றவர் யார்? குதிரைக்காரர் என்று அழைக்கப்பட்ட நம்முடைய ஆட்கள். துரைமார் பெயர்கள் மலைநாட்டுக் கல்லறைகளில் செதுக்கப்பட்டிருக்கின்றன. குதிரைக்காரர் பெயர்கள் எங்கும் இல்லை. குதிரையின் கண்ணையும் காதையும் பார்த்தே அதன் மனதைச் சொல்லக்கூடிய அறிவு அவர்களிடம் இருந்தது. அந்த அறிவு நம் வீட்டுச் சொத்து. அதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

குதிரை இன்றும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. நானுஓயாவைத் தாண்டினால் நுவரெலியா. அங்கே 1875ஆம் ஆண்டிலிருந்து குதிரைப் பந்தயத்தின் கதை தொடங்குகிறது. இடையில் நின்றும் தொடர்ந்தும், இன்றைக்கும் ஏப்ரல் சீசனில் ஆளுநர் கிண்ணத்துக்கான பந்தயம் அங்கே ஓடுகிறது. பந்தயத்தை விடுங்கள். கிரகரி வாவிக் கரையில், சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நடக்கும் சவாரிக் குதிரைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளை அதில் ஏற்றிப் படமும் எடுத்திருப்பீர்கள். அந்தக் குதிரைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கடைசியில் அவற்றிடம்தான் வருவேன்.

இன்னொரு காரணமும் சொல்கிறேன். தடை தாண்டும் குதிரையேற்றத்தில் இலங்கையின் பெயர் ஒலிம்பிக் அரங்கில் ஒலித்திருக்கிறது. மத்தில்டா கார்ல்சன் என்ற பெண்மணி. இந்தத் தீவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது சுவீடன் நாட்டுக் குடும்பம் ஒன்று தத்தெடுத்துக்கொண்டது. அங்கே வளர்ந்தார், அங்கே குதிரையேற்றம் கற்றார், முதலில் சுவீடனுக்காகப் போட்டியிட்டார். பிறகு, பிறந்த நாட்டுக்காகவே ஏறுவேன் என்று இலங்கையின் பெயரில் களம் இறங்கினார். கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஷோபன் என்ற குதிரையின் மேல், இலங்கைக்காக அவர் களத்துக்குள் வந்தார். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இலங்கையர் ஒருவர் பங்கேற்றது அதுதான் முதல் தடவை. தகுதிச் சுற்றில் முதல் 30 பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அந்த 30 பேருக்குள் அவர் வரவில்லை. அதனால் என்ன? போகாத வாசலுக்குள் ஒருவர் போய்விட்டார். பின்னால் போகிறவர்களுக்கு வழி தெரிகிறது.

சரி, அந்தக் களத்துக்குள் நாமும் போவோம். தடை தாண்டல் என்றால் என்ன? மணல் போட்ட ஒரு மைதானம். அதில் பத்துப் பன்னிரண்டு தடைகள். ஒலிம்பிக் தரத்தில் தடையின் உயரம் 1.60 மீற்றர், சில இடங்களில் 1.65. இங்கே இருக்கும் பெரும்பாலோரின் தலைக்குச் சரியாக இருக்கும் உயரம். கம்பம் ஒன்று விழுந்தால் 4 தண்டப்புள்ளி. குதிரை தாண்ட மறுத்து நின்றாலும் 4. இரண்டாவது தடவை நின்றால் போட்டியிலிருந்தே வெளியே. குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் அதற்கும் தண்டம்.

வேகத்தைக் கணக்குப் பாருங்கள், பிள்ளைகளே. பெரிய போட்டிகளில் நிமிடத்துக்கு 400 மீற்றர் வேகம் கேட்கிறார்கள். குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறக்குறைய மூன்றரை மீற்றர். அப்படியானால், தடைக்கு முன்னால் உள்ள கடைசி மூன்று பாய்ச்சல்களுக்கு எவ்வளவு நேரம்? இரண்டு விநாடிகூட இல்லை. அந்த இரண்டு விநாடிக்குள் குதிரை தூரத்தை அளக்க வேண்டும், உயரத்தை அளக்க வேண்டும், எந்த இடத்தில் எழும்புவது என்று முடிவுசெய்ய வேண்டும். இன்னொன்று தெரியுமா? குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. நெற்றிக்கு நேர் முன்னால், மிக அருகில் இருப்பது அதற்குத் தெரியாது. எழும்பும் அந்தக் கணத்தில், தான் தாண்டும் கம்பத்தையே குதிரை பார்ப்பதில்லை. சற்று முன் பார்த்து மனதில் வாங்கியதை நம்பித் தாண்டுகிறது.

அந்த நேரத்தில் ஓர் ஈ காதுக்குள் நுழைந்தால்? அந்த நேரத்தில் ஒலிபெருக்கி அலறினால்? அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒரு குடை படாரென்று விரிந்தால்?

இப்போது காதுக்கு வருவோம். குதிரையின் காது சாதாரணக் காது இல்லை. நம் காதை அசைக்க மூன்று தசைகள் இருக்கின்றன. அவற்றாலும் பெரும்பாலோருக்கு ஒரு பயனும் இல்லை. குதிரையின் ஒவ்வொரு காதுக்கும் பத்துத் தசைகள். ஒரு காதை முன்னே நிறுத்திக்கொண்டு, இன்னொரு காதைப் பின்னே திருப்பும். ஏறக்குறைய அரைவட்டம் சுழற்றும். மேலே இருப்பவர் என்ன சொல்கிறார் என்று ஒரு காதால் கேட்டுக்கொண்டே, முன்னால் என்ன வருகிறது என்று மறு காதால் கேட்கும்.

நமக்குக் கேட்காத ஒலியும் அதற்குக் கேட்கும். மனிதக் காதுக்கு எட்டும் மேல் எல்லை விநாடிக்கு 20,000 அதிர்வுகள். அதுவும் இளவயதில். குதிரைக்கு 33,000ஐயும் தாண்டுகிறது. ஆழ்ந்த, கனத்த ஒலியில் நாம் அதைவிட வல்லவர்கள். கீச்சென்ற ஒலி, உரசும் ஒலி, சருகு நொறுங்கும் ஒலி, இவைதான் அதன் உலகம். ஏன்? சிங்கமும் ஓநாயும் கனத்த காலடி வைத்து வருவதில்லை. புல்லை உரசிக்கொண்டு வரும். அந்த உரசலைக் கேட்டு ஓடிய குதிரை பிழைத்தது. கேட்காத குதிரையின் வம்சம் இல்லை. இன்று லாயத்தில் நிற்கும் குதிரைகள் எல்லாம், கேட்டு ஓடியவற்றின் பிள்ளைகள்.

ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. இந்தக் குறையை அறிந்தபோதுதான் எனக்குக் குதிரையின் மிரட்சி முழுதாக விளங்கியது. ஓர் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நாம் ஏறக்குறைய ஒரு பாகைத் துல்லியத்தில் சொல்லிவிடுவோம். குதிரையால் அது முடியாது. ஏறக்குறைய 25 பாகை இடைவெளி இருந்தால்தான் இந்த ஒலி வேறு, அந்த ஒலி வேறு என்று அதற்குப் பிரித்துத் தெரியும். நன்றாகக் கேட்கும். எங்கிருந்து என்று சரியாகத் தெரியாது. கேட்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் நாமே என்ன செய்வோம்? தலையைத் திருப்புவோம், உடம்பைத் திருப்புவோம், பதறுவோம். குதிரையும் அதையே செய்கிறது. ஏறியிருப்பவர் அதைப் பிடிவாதம் என்று நினைத்துச் சாட்டையை எடுக்கிறார். அது பிடிவாதம் இல்லை, ஐயா. அது தேடல்.

காற்று அடிக்கும் நாளில் குதிரை ஏன் நிலைகொள்ளாமல் நிற்கிறது என்று இப்போது விளங்குகிறதா? ஆடி மாதக் காற்று நம் மலையில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரைச்சலில் மற்ற ஒலிகள் எல்லாம் மூழ்கிப்போகின்றன. காதையே காவலாக வைத்து வாழும் ஒரு விலங்குக்கு அந்தக் காவல் போய்விடுகிறது. குதிரைக்காரர்கள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் அறிந்திருந்தார்கள்.

சரி, காதுறை இதில் என்ன செய்கிறது?

முதல் வேலை, பழைய வேலை, எளிய வேலை: ஈயைத் தடுப்பது. இந்தத் துணி பிறந்ததே அதற்காகத்தான். குதிரைக் காதின் உட்புறத் தோல் மிக மெல்லியது. அங்கே வந்து கடிக்கும் பூச்சிகள் பல. கண்ணுக்கு எளிதில் தெரியாத பொடிப்பூச்சி கடித்தால், சில குதிரைகளுக்கு உடம்பே ஒவ்வாமல் போய், காதையும் பிடரியையும் வாலடியையும் புண்ணாகும்வரை மரத்தில் தேய்க்கும். இன்னொரு வகைக் கறுப்பு ஈ, காதுக்குள்ளேயே உட்கார்ந்து இரத்தம் குடிக்கும். காதுக்குள் வெள்ளை வெள்ளையாகத் தடிக்கும் ஒருவகைத் தொற்றைப் பரப்புவதும் அந்த ஈதான் என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்தத் தொற்று வந்த குதிரைகளில் சில காதைத் தொடவே விடா. காதைத் தொட விடாத குதிரைக்குக் கடிவாளம் மாட்டுவது எப்படி?

இங்கே நெடுந்தீவுக்கு ஒருமுறை போய்வருவோம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, கடலுக்கு நடுவே, அந்தத் தீவில் குதிரைகள் கட்டுப்பாடில்லாமல் திரிகின்றன. ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை. அவற்றுக்கு யார் காதுறை மாட்டுகிறார்கள்? யாரும் இல்லை. அப்படியானால் ஈயை எப்படிச் சமாளிக்கின்றன? குதிரைகளுக்கு உலகம் முழுவதும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு குதிரைகள் எதிரும் புதிருமாக நிற்கும். இதன் முகம் அதன் வாலருகே, அதன் முகம் இதன் வாலருகே. இது வாலை வீசினால் அதன் முகத்து ஈ போகும். அது வீசினால் இதன் முகத்து ஈ போகும். காதை உதறும், தலையைக் குலுக்கும், பிடரியைச் சிலிர்க்கும். இத்தனை ஆயுதங்களை இயற்கை கொடுத்திருக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? அந்தக் குதிரையைத் தோழனிடமிருந்து பிரித்துத் தனியாகக் கொண்டுவருகிறோம். தலையைக் குலுக்க விடாமல் கடிவாளம் போடுகிறோம். பிடரி மயிரை அழகுக்காகச் சின்னச் சின்ன முடிச்சாகப் பின்னிவிடுகிறோம். அதன் மேல் நாம் ஏறிக்கொண்டு, நம் தலையளவு உயரமான தடையைத் தாண்டு என்கிறோம். அதன் ஆயுதங்கள் எல்லாவற்றையும் நாம் வாங்கிக்கொண்டோம். அப்படி வாங்கிக்கொண்டவர், பதிலுக்கு ஒரு துணியாவது கொடுக்க வேண்டாமா? காதுறை ஆடம்பரமா, கடனா? நான் கடன் என்கிறேன்.

இரண்டாவது வேலை ஒலியைத் தணிப்பது. இதில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கடையில் விற்கிற எல்லாக் காதுறையும் ஒலியைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நூலால் பின்னிய மெல்லிய காதுறையில் துளைகள் இருக்கின்றன. துளை வழியே காற்று போனால் ஒலியும் போகும். அது காதில் காற்று விசிலடிப்பதைக் குறைக்கும், கூர்மையான ஒலியின் முனையைச் சற்று மழுக்கும், அவ்வளவுதான். ஒலியை நன்றாகத் தணிக்க வேண்டுமானால், காதுப் பகுதிக்கு உள்ளே கனமான ரப்பர்த் துணியோ பஞ்சுத்தகடோ வைத்துத் தைத்திருக்க வேண்டும். கூர்மையான ஒலிகளைத் தடுப்பது எளிது, கனத்த ஒலிகளைத் தடுப்பது கடினம். குதிரையை மிகவும் பதறவைப்பவை கூர்மையான ஒலிகள்தானே? ஆகவே அது உதவுகிறது.

என்னென்ன ஒலிகள்? பெயரையும் நாட்டையும் சொல்லும் ஒலிபெருக்கி. தொடங்கலாம் என்று அடிக்கும் மணி. அந்த மணி அடித்து 45 விநாடிக்குள் புறப்பட வேண்டும். பழகிய குதிரைகள் அந்த மணிக்கே துள்ளத் தொடங்கிவிடும். பிறகு கைதட்டல். டோக்கியோவில் கொரோனாவால் பார்வையாளர் மண்டபம் வெறுமையாக இருந்தது. 2024இல் பாரிசுக்குப் பக்கத்தில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடந்தபோது கூட்டம் நிரம்பி வழிந்தது. தன் நாட்டு வீரர் உள்ளே வந்தால் கூட்டம் சும்மா இருக்குமா? அந்த முழக்கம் அன்பின் முழக்கம் என்று நமக்குத் தெரியும். குதிரைக்கு எப்படித் தெரியும்?

ஒன்றை மறக்கக்கூடாது. காதுறை காதுக்குத்தான், கண்ணுக்கு இல்லை. டோக்கியோவில் ஒரு தடைக்குப் பக்கத்தில் சுமோ மல்லர் ஒருவரின் பெரிய உருவத்தை, குனிந்து நிற்கும் கோலத்தில், அலங்காரமாக வைத்திருந்தார்கள். வளைவில் திரும்பியதும் குதிரையின் முன்னால் அது நிற்கும். குதிரைகள் அதைக் கண்டு மிரளுகின்றன என்று ஏறியவர்கள் பலர் சொன்னார்கள். எந்தக் காதுறையும் அதற்கு மருந்தாகாது. அதற்கு மருந்து பழக்கமும் நம்பிக்கையும்தான்.

நம்பிக்கை என்றேன். அங்கேதான் காதுறைக்கு ஓர் எல்லை வருகிறது. குதிரையின் மேல் இருப்பவருக்கு எதிரே தெரிவது என்ன? இரண்டு காதுகள். காது முன்னே நிமிர்ந்தால், தடையைப் பார்த்துவிட்டது, விரும்பிப் போகிறது. ஒரு காது பின்னே திரும்பினால், உங்களைக் கேட்கிறது. இரண்டும் பின்னே படுத்துத் தலையோடு ஒட்டிக்கொண்டால், கோபமோ வலியோ இருக்கிறது. காதுதான் குதிரை எழுதும் கடிதம். அந்தக் கடிதத்தை மறைத்துவிடும்படி காதுறை இருக்கலாமா? கூடாது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டைப் பக்கத்துக் குயவர்கள் ஐயனாருக்குச் செய்யும் மண்குதிரைகளைப் பாருங்கள். எத்தனை மணி, எத்தனை மாலை, எத்தனை அணி! ஆனால் காது இரண்டையும் நிமிர்த்தி, வெளியே தெரியும்படி நிறுத்துவார்கள்.

இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குதிரை ஒன்றின் நிஜ அளவுப் படத்தை வைத்து, அதன் இருபுறமும் தீனிவாளி வைத்தார்கள். படத்துக் குதிரை ஒரு வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். வந்த குதிரைகள், படத்துக் குதிரை பார்க்கும் பக்கத்து வாளியையே பெரும்பாலும் தேர்ந்தன. பிறகு படத்தில் காதுகளை மறைத்தார்கள். வந்த குதிரைகளுக்கு வழி தெரியவில்லை. கண்களை மறைத்தபோதும் அப்படியே. ஆகவே ஒரு குதிரை இன்னொரு குதிரையின் கவனத்தைக் காதிலிருந்தும் வாசிக்கிறது. அது எதைச் சொல்கிறது? காதுறையை நாள் முழுவதும், லாயத்திலும் மேய்ச்சலிலும், பழக்கத்தின் பேரில் மாட்டி வைக்காதீர்கள் என்று சொல்கிறது. ஈ மொய்க்கும் காலம் வேறு. மற்றபடி, வேலைக்கு மாட்டுங்கள், வேலை முடிந்ததும் கழற்றுங்கள்.

விதி எழுதுகிறவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். நடையழகைக் காட்டும் டிரெஸாஜ் என்ற போட்டிக்குச் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் வகுத்த விதியில், காதுறை அணியலாம், அது ஒலியைத் தணிக்கலாம், ஆனால் காது தடையில்லாமல் அசைய வேண்டும், கண்ணை மறைக்கக்கூடாது, மூக்குவாரோடு கட்டக்கூடாது என்று இருக்கிறது. காதுக்குள் அடைப்பான் வைப்பது அங்கே போட்டி நேரத்தில் தடை. பரிசளிப்பு விழாவில், இசையும் கைதட்டலும் பொங்கும்போது, வைக்கலாம். இந்த வேறுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. விதி சொல்வது இதுதான்: திறமையைக் காட்டும் நேரத்தில், நீயும் உன் குதிரையும் உலகத்தைக் கேட்டபடியே செய்யுங்கள். கொண்டாட்டத்துக்காக நாங்கள் சத்தம் போடும்போது, அந்தப் பாரத்தைக் குதிரையின் மேல் ஏற்ற மாட்டோம்.

ஆகவே காதுறை பயிற்சிக்கு மாற்றாக முடியாது. மிரளும் குதிரையின் காதை அடைத்துவிட்டு, பயம் போய்விட்டது என்று சொல்லக்கூடாது. பயம் உள்ளே அப்படியே இருக்கும். துணி நழுவும் நாளில் வெளியே வரும். ஒலியை முதலில் தூரத்தில் வைத்து, மெல்லியதாகத் தொடங்கி, குதிரை நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்க வேண்டும். நாட்கள் ஆகும், வாரங்கள் ஆகும். பொறுமை இல்லாதவர் குதிரை வளர்க்க வேண்டாம்.

இதைக் கடுமையாகச் சொல்லக் காரணம் உண்டு. குதிரை நம் மண்ணில் பிறந்த விலங்கு இல்லை. பாண்டியர் காலத்தில் தமிழகக் கரையில் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்: ஆண்டுதோறும் எவ்வளவோ பொன் கொடுத்துக் குதிரை வாங்குகிறார்கள், வாங்கிய குதிரைகள் கவனிக்கத் தெரியாமல் செத்துப்போகின்றன, சமைத்த சோறும் இறைச்சியும்கூடத் தீனியாகக் கொடுக்கிறார்கள் என்று. வெளியூர்க்காரர் கண்ணில் பட்டது, முழுவதும் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் படிக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. பொன் கொடுத்தோம், அன்பும் வைத்திருப்போம். குதிரைக்கு எது வேண்டும் என்று குதிரையிடம் கேட்டோமா?

இப்போது நுவரெலியாவுக்கு வருகிறேன். உங்களிடம் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தச் சவாரிக் குதிரைகளிடம்.

ஏப்ரல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டு, பட்டாசு. சீசன் கடைகள், கடைக்குக் கடை ஒலிபெருக்கி. மஹகஸ்தொட்ட மேட்டில் கார்ப் பந்தயம். பாதையில் வான்களின் வரிசை, ஓயாத ஹாரன். இத்தனைக்கும் நடுவில், முதுகில் ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு அந்தக் குதிரை நடக்கிறது. ஒலிம்பிக் குதிரைக்கு ஒன்றரை நிமிட ஓட்டம், அதற்குப் பிறகு குளிப்பாட்டி, துடைத்து, அமைதியான லாயம். அதற்குக் காதுறை இருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை இரைச்சலுக்குள் நடக்கும் நம் குதிரைக்கு? அதன் முதுகில் இருப்பது யாருடைய குழந்தை? நம் குழந்தை. குதிரையின் காதுக்கு அமைதி கேட்பது குழந்தையின் உயிருக்குக் காவல் கேட்பதுதான்.

குதிரையை வைத்துப் பிழைக்கும் தம்பிமார்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களும் நம் பிள்ளைகள், அந்தக் குதிரைதான் அவர்கள் வீட்டு அடுப்பு. அவர்களுக்கு யாராவது இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? நாம் குதிரையில் பிள்ளையை ஏற்றும்போது, தம்பி, இதற்குக் காதில் ஏதாவது மாட்டக்கூடாதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோமா? அதைவிட முக்கியம், குதிரை நடக்கும் பாதையோரத்தில் ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்பி வையுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறோமா? துணி இரண்டாவது. சத்தத்தைக் குறைப்பது முதலாவது.

காதைப் பற்றிப் பேசும் இந்த இடத்தில், இந்த மண்டபத்தில் இருக்கும், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலைசெய்பவர்களை மறந்துவிட்டுப் போக என்னால் முடியாது. ரோலர் ஓடும் இடத்தில், விசிறிகள் ஓயாமல் சுற்றும் இடத்தில், எட்டு மணி நேரம் நிற்கிறீர்கள். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெலுக்கு மேல் போனால் காது கெடும் என்று உலகெங்கும் தொழிற்சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்த எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே காதுக்குக் கவசம் கேட்பது உங்கள் உரிமை. ஓய்வு பெற்ற பிறகு பேரப்பிள்ளை பேசுவது கேட்காமல் சிரித்துச் சமாளிக்கும் பெரியவர்கள் எத்தனை பேரை நாம் பார்த்துவிட்டோம்! குதிரையின் காதுக்காக விதி எழுதும் உலகத்தில், உங்கள் காதுக்கான விதி ஏட்டில் மட்டும் இருக்கக்கூடாது. சங்கக் கூட்டங்களில் சம்பளத்தோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தாய்மார்களே, தங்கைகளே, கடைசியாக உங்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். காதுறை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய பொருள் இல்லை. கொக்கி ஊசியால் மேசை விரிப்பு பின்னத் தெரிந்தவர் எவராலும் இதைப் பின்ன முடியும். பருத்தி நூலே எடுங்கள், வியர்வையை உறிஞ்சும். நெற்றிக்கு முக்கோணம் ஒன்று. அதன் மேல் விளிம்பில் இரண்டு கூம்புகள். கூம்புக்கு நெருக்கமான துணி நல்லது, அசையும்போது நீண்டுகொடுக்க வேண்டும். கூம்பு இறுக்கமாக இருந்தால் காதின் அடிவேர் தேய்ந்து புண்ணாகும். தளர்வாக இருந்தால் கண்ணில் சரிந்து விழும், அது இன்னும் ஆபத்து. நெற்றி மயிரை உள்ளே நேராகப் படிய வைத்து, காதுறையை முதலில் மாட்டி, அதன் மேல் கடிவாளத்தின் தலைவாரை ஏற்ற வேண்டும். தலைவாருக்கு அடியில் தையல் முடிச்சு வந்துவிடக்கூடாது. காதுக்குப் பின்னால் உள்ள அந்த இடம் குதிரைக்கு மிகவும் நோகும் இடம். நம் மலையில் ஈரம் அதிகம், ஆகவே ஒரு குதிரைக்கு இரண்டு காதுறை வேண்டும். ஒன்று காயும்போது மற்றது தலையில். ஈரத்துணியைக் காதில் மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு குதிரையின் துணியை இன்னொரு குதிரைக்கு மாட்டவும் வேண்டாம்.

முதல் நாள் மாட்டும்போது குதிரைக்காரத் தம்பி பக்கத்தில் இருக்கட்டும். முதலில் துணியைக் குதிரை முகர்ந்து பார்க்கட்டும். பிறகு அதைக்கொண்டு கழுத்தைத் தடவுங்கள், பிறகு காதின் அடியை. ஒரு காதை மட்டும் மூடி, கொஞ்சம் நிறுத்தி, கழற்றிவிடுங்கள். அடுத்த நாள் இரண்டு காதும். அது தலையை ஆட்டாமல் தீனி தின்னத் தொடங்கினால் பழகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் ஆளை ஏற்ற வேண்டும். அடுத்த சீசனுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. பின்னத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள். குதிரைக் காதின் அளவு, நூலின் கனம், எல்லாவற்றையும் இந்தப் பலகையில் வரைந்து காட்டுகிறேன்.